வாலிபர் மாநாட்டுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்வது எப்படி: சபைத் தலைவர்களுக்கு ஒரு வழிகாட்டி

மேடை, ஒலி, செய்தி (பிரசங்கம்) கொடுப்பவர், பாடல் குழு, அறை, சாப்பாடு எல்லாவற்றையும் மாநாட்டை நடத்துகிறவர்கள் பார்த்துக்கொள்வார்கள். பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ள அவர்களால் முடியாது. ஆயிரம் பேர் அமர்ந்திருக்கும் அரங்கில் உங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பதினான்கு வயதுப் பெண் முகம் வாடி உட்கார்ந்திருப்பது மேடையில் நிற்பவருக்குத் தெரியாது. அதைக் கவனிக்க வேண்டியவர் கூட்டிவந்த நீங்கள்தான். ஆகவே இந்தப் பயணத்துக்கு அடிப்படை விதி ஒன்றுதான்: சபை வாசலில் புறப்படும் நேரம் முதல் பெற்றோரிடம் ஒப்படைக்கும் நேரம் வரை, ஒவ்வொரு பிள்ளையும் பெயர் சொல்லக்கூடிய ஒரு பெரியவரின் பொறுப்பில் இருக்க வேண்டும். அறை ஒதுக்குவது, மருந்துப் பெட்டி, இரவுச் சிறுகுழு, திரும்பி வந்தபின் செய்யும் தொடர்பணி எல்லாமே இந்த விதியிலிருந்து வருபவை.

பதிவு செய்யுமுன்

மாநாட்டுக்கு நான்கு மாதங்களுக்கு முன்பே வேலையைத் தொடங்குங்கள். முதலில் அழைப்பிதழின் அழகை விட்டுவிட்டு, நடத்துபவர்களிடம் நேரடியாகச் சில கேள்விகள் கேளுங்கள். அவர்களுடைய விசுவாச அறிக்கை என்ன? வயது வரம்பு என்ன? பதின்மூன்று வயதுப் பிள்ளைகளையும் இருபத்தைந்து வயது வாலிபரையும் ஒரே கூட்டத்தில் உட்கார வைக்கிற மாநாடு என்றால், செய்தி ஒருவருக்காவது பொருந்தாமல் போகும். பிள்ளைப் பாதுகாப்புக்கு எழுத்தில் ஒரு கொள்கை இருக்கிறதா, அதற்குப் பொறுப்பானவர் யார்? முதலுதவி அறை எங்கே, இரவில் அங்கே யார் இருப்பார்? சுழலும், வேகமாக மின்னும் விளக்குகள் உண்டா? நாள் நிரலில் ஒவ்வொரு சபையும் தன் பிள்ளைகளோடு தனியே உட்கார நேரம் விட்டிருக்கிறார்களா?

இயேசுவுக்குத் தங்களை ஒப்புக்கொடுக்க விரும்புகிறவர்கள் முன்னே வரும்படி விடுக்கும் அழைப்பை எப்படிக் கொடுக்கிறார்கள் என்பதையும் தவறாமல் கேட்டுவிடுங்கள். முன்னே வருகிறவர்களோடு யார் பேசுவார்கள், எங்கே வைத்துப் பேசுவார்கள், சபைத் தலைவர் கூட நிற்கலாமா? மாநாட்டு இடத்திலேயே ஞானஸ்நானம் கொடுக்கும் வழக்கம் இருந்தால், உங்கள் பிள்ளைகளுக்கு அங்கே வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஞானஸ்நானம் போதகரும் பெற்றோரும் அறியாமல் நடக்கிற காரியம் அல்ல. உணர்ச்சி பொங்கிய இரவில் எடுத்த முடிவு உண்மையானதாக இருந்தால் அது ஆறு வாரம் கழித்தும் இருக்கும்.

எத்தனை பெரியவர்கள்

பிரிட்டனின் பிள்ளைப் பாதுகாப்பு அமைப்பான என்எஸ்பிசிசி, 13 முதல் 18 வயது வரை உள்ளவர்களில் 10 பேருக்கு ஒரு பெரியவர் என்றும், 9 முதல் 12 வயது வரை 8 பேருக்கு ஒருவர் என்றும், எந்த நிலையிலும் குறைந்தது இரண்டு பெரியவர்கள் என்றும் பரிந்துரைக்கிறது. சபை வளாகத்தில் மாலை நேரக் கூட்டத்துக்கு அது போதும். இரவு தங்கும் பயணத்துக்கும் பெருங்கூட்டத்துக்கும் போதாது. ஆறேழு பேருக்கு ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குமேல் போனால் இரவுச் சிறுகுழுவில் இரண்டு பேர் வாயே திறக்காமல் போய்விடுவார்கள்.

குழுக்களைப் பார்த்துக்கொள்ளும் தலைவர்களுக்கு மேல், எந்தக் குழுவும் இல்லாத ஒருவரையும் சேர்த்துக்கொள்ளுங்கள். இவரை விட்டுவிடுகிற சபைகள்தான் அதிகம், சிக்கலும் இங்கேதான் தொடங்குகிறது. ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தால், குழுத் தலைவர் கூடப் போக, மீதி ஆறு பேர் யார் கணக்கிலும் இல்லாமல் நிற்பார்கள். கைவசம் ஒருவர் இருந்தால் குழுவை அவர் எடுத்துக்கொள்வார். 20 பிள்ளைகள் என்றால் 7, 7, 6 என்று மூன்று குழு, மூன்று தலைவர், கைவசம் ஒருவர். இந்த நான்கு பேரில் இருவர் ஆண்கள், இருவர் பெண்கள்.

பதினெட்டு வயது நிரம்பிய வாலிபர்கள் பல நாடுகளின் சட்டப்படி பெரியவர்கள். அவர்களை அழைத்துப் போனால் அறை ஒதுக்கும்போது அதை நினைவில் வையுங்கள். போன வருஷம் வரை பிள்ளையாக வந்தவரை இந்த வருஷம் திடீரென்று தலைவராக்குவதும் நல்லதல்ல. ஒரு வருஷம் உதவியாளராக வரட்டும்.

பணக் கணக்கு

தலைவர்களின் செலவை யார் ஏற்பது என்று முடிவு செய்யாமல் கட்டணத்தை அறிவித்துவிட்டால் கடைசியில் கணக்கு இடிக்கும். ஒருவருக்கான மாநாட்டுக் கட்டணம் 100 அலகு, வாகனத்துக்கு மொத்தம் 960 அலகு என்று வைத்துக்கொள்வோம். 20 பிள்ளைகளும் 4 தலைவர்களும் போனால் மொத்தம் 3,360. அதை 24-ஆல் வகுத்து 140 என்று அறிவிக்கிறார்கள். தலைவர்கள் பணம் கட்டுவதில்லை என்றால் 20-ஆல் வகுக்க வேண்டும், 168 வருகிறது. அதோடு முடியவில்லை. வருகிறேன் என்று சொன்ன 20 பேரில் 16 பேர்தான் கடைசியில் வருகிறார்கள் என்றால், வாகன வாடகையும் தலைவர்களும் குறைவதில்லை. மொத்தம் 2,960, ஒரு பிள்ளைக்கு 185.

ஆகவே எதிர்பார்க்கும் எண்ணிக்கையில் ஐந்தில் நான்கு பங்கை வைத்துக் கட்டணத்தைக் கணக்கிடுங்கள். அதன்மேல் பத்தில் ஒரு பங்கு அவசரத்துக்குச் சேருங்கள். எல்லாரும் வந்துவிட்டால் மிஞ்சும் பணத்தைக் கட்ட முடியாத பிள்ளைகளுக்குப் பயன்படுத்தலாம். தலைவர்களின் செலவைச் சபையே ஏற்பது இன்னும் நல்லது. விடுப்பு எடுத்து, தூக்கம் கெட்டு ஊழியம் செய்ய வருகிறவர்களின் செலவு பிள்ளைகளின் தலையில் விழுவது சரியல்ல. உதவி பெறும் பிள்ளை யார் என்பது போதகருக்கும் பொருளாளருக்கும் மட்டும் தெரிந்தால் போதும். எல்லாரும் ஒரே மாதிரி உறையில் பணம் கொடுக்கும்படி செய்தால் யாரும் தலைகுனிய வேண்டியிருக்காது.

முன்பணம் வாங்கும்போதே திருப்பித் தரும் விதியை எழுத்தில் கொடுங்கள்: எந்தத் தேதிக்கு முன் விலகினால் எவ்வளவு கிடைக்கும், அதற்குப் பின் எவ்வளவு என்று. மாநாடு உங்களுக்குக் கொடுத்திருக்கும் கடைசித் தேதிக்குப் பத்து நாள் முன்னதாகவே உங்கள் கடைசித் தேதி இருக்கட்டும்.

சம்மதப் படிவம்

ஒரே தாளில், இரண்டு பக்கத்தில் அடங்க வேண்டும். பெயர், பிறந்த தேதி, ஒவ்வாமைகள், நடந்துகொண்டிருக்கும் சிகிச்சை, ஒவ்வொரு மருந்தின் பெயர், அளவு, கொடுக்கும் நேரம், கடைசியாக டெட்டனஸ் தடுப்பூசி போட்ட தேதி, இரவு நேரத்தில் போனை எடுக்கக்கூடிய இரண்டு பேரின் எண்கள், திரும்பி வந்ததும் பிள்ளையை அழைத்துப் போக அனுமதி உள்ளவர் யார், அவசர சிகிச்சைக்கு ஒப்புதல், படம் எடுக்க ஒப்புதல். இரண்டு தொடர்பு எண்களும் ஒரே வீட்டில் இருந்தால் ஒருவர் வெளியூரில் இருக்கும்போது பயன்படாது. இரண்டாவது எண் வேறு வீட்டாரின் எண்ணாக இருக்கட்டும். நீச்சல் குளமோ ஏரியோ உள்ள இடம் என்றால், நீந்தத் தெரியுமா என்ற கேள்வியும் வேண்டும்.

தூக்கத்தில் நடப்பது, படுக்கையில் சிறுநீர் கழிப்பது, பீதித் தாக்குதல், சமீபத்தில் வீட்டில் நடந்த மரணம் போன்றவற்றைப் படிவத்தில் எழுதப் பலர் கூசுவார்கள். ‘தலைவரிடம் தனியே பேச விரும்புகிறேன்’ என்று ஒரு கட்டம் வைத்தால் போதும், பெற்றோர் டிக் செய்வார்கள், நீங்கள் போனில் கேட்டுக்கொள்ளலாம்.

சபைக்கு வராத நண்பர்களைப் பிள்ளைகள் கூட்டிவருவார்கள். அது நல்ல காரியம். ஆனால் அந்தப் பெற்றோரிடம், இது கிறிஸ்தவ மாநாடு, இயேசுவைப் பின்பற்றும்படி நேரடி அழைப்பு கொடுப்பார்கள் என்று மறைக்காமல் சொல்லுங்கள். சுற்றுலா என்று சொல்லி அழைத்துப் போனால், பிள்ளை திரும்பி வந்து உண்மையைச் சொல்லும் நாளில் அந்த வீட்டின் கதவு சபைக்கு மூடிவிடும். அதைவிட முக்கியம், அது பொய்.

படிவங்களின் இரண்டு பிரதிகள் எடுத்து, ஒன்றை வாகனத்தில் தலைவரோடும், மற்றொன்றைச் சபையில் நிற்கும் ஒருவரிடமும் வையுங்கள். வாகனம் விபத்தில் சிக்கினால் தாள்கள் எல்லாம் அதற்குள்ளேயே கிடக்கும். அந்த நேரத்தில் பெற்றோரைக் கூப்பிட வெளியே ஒருவர் வேண்டும்.

மருந்துப் பெட்டி

மருந்துகளை எல்லாம் ஒரே தலைவர் வைத்திருக்க வேண்டும். மருந்துக் கடைக்காரர் கொடுத்த அதே உறையில், பெயர் எழுதி, பெற்றோர் கையாலேயே வாங்குங்கள். உறையிலிருந்து கொட்டிக் காகிதத்தில் மடித்துக் கொடுக்கும் மாத்திரையை ஏற்க வேண்டாம். எது எவருடையது என்று மூன்றாம் நாள் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் நோட்டில் நேரம், அளவு, கையொப்பம் எழுதுங்கள். 16 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு, மருத்துவர் சொல்லாமல் ஆஸ்பிரின் கொடுக்கவே கூடாது. மூளையையும் கல்லீரலையும் தாக்கும் ரேய் நோய் வரும் அபாயம் உண்டு.

மருந்தைத் தலைவரே வைத்திருக்கும் விதிக்கு இரண்டு விலக்குகள்: ஆஸ்துமா இன்ஹேலரும், கடும் ஒவ்வாமைக்கான அட்ரினலின் ஊசிப் பேனாவும். இவை பூட்டிய பெட்டியில் இருக்கக் கூடாது, பிள்ளையின் கையிலேயே இருக்க வேண்டும். ஊசிப் பேனா இரண்டு இருக்கட்டும், காலாவதித் தேதியைப் புறப்படும் முன் பார்த்துவிடுங்கள், குழுத் தலைவருக்கு அதைப் போடும் விதத்தைப் பெற்றோரே செய்து காட்டட்டும். உதடு, நாக்கு வீங்கி மூச்சு இளைத்தால் காத்திருக்காமல் தொடையின் வெளிப்பக்கத்தில் போடுங்கள், அவசர ஊர்தியைக் கூப்பிடுங்கள், பிள்ளையைப் படுக்க வைத்துக் கால்களை உயர்த்துங்கள். மூச்சுவிடச் சிரமப்பட்டால் சாய்ந்து உட்கார வைக்கலாம். எழுந்து நிற்கவோ நடக்கவோ விடக் கூடாது. ஐந்து நிமிடத்தில் தேறாவிட்டால் இரண்டாவது ஊசி. தேறிவிட்டாலும் மருத்துவமனைக்குப் போயே தீர வேண்டும். ஊசியின் பலன் குறைந்தபின் ஒவ்வாமை திரும்பி வரலாம்.

பயணத்தில் வாந்தி எடுக்கும் பிள்ளைகளை முன்வரிசையில் உட்கார வைத்து, போனைப் பார்க்காமல் தூரத்துச் சாலையைப் பார்க்கச் சொல்லுங்கள். மாத்திரை என்றால் புறப்படுவதற்கு முன்பே போட வேண்டும், வயிறு புரட்டத் தொடங்கியபின் போட்டுப் பயனில்லை.

வழியில்

ஓட்டுநருக்கு இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை கால் மணி நேர ஓய்வு. எல்லாருக்கும் இருக்கைப் பட்டை, மூன்று பேர் இருக்கையில் நாலாவது ஆள் இல்லை. அதிகாலை இரண்டு மணி முதல் ஆறு மணி வரை உடல் தூக்கத்தைக் கேட்கும் நேரம். அந்த நேரத்தில் சாலையில் இல்லாதபடி திட்டமிடுங்கள்.

போகும் வழியைவிடத் திரும்பும் வழிதான் ஆபத்தானது. கடைசி இரவுக் கூட்டம் முடிந்த கையோடு கிளம்பிவிடலாம் என்று தோன்றும். பதினேழு மணி நேரம் விழித்திருப்பவரின் கவனமும் கைவேகமும், இரத்தத்தில் 0.05 சதவீதம் ஆல்கஹால் உள்ளவரின் அளவுக்கு மங்கிவிடுகின்றன என்று ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. மூன்று நாள் பிள்ளைகளோடு இருந்து சரியாகத் தூங்காத தலைவர் வண்டி ஓட்டக் கூடாது. கூட்டத்தில் பங்கெடுக்காமல் தூங்கி எழுந்த ஓட்டுநர் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு இரவு கூடுதலாகத் தங்கிக் காலையில் கிளம்புங்கள்.

தலைக் கணக்கு

லூக்கா 2-ஆம் அதிகாரத்தில் பன்னிரண்டு வயது இயேசு எருசலேமில் தங்கிவிடுகிறார். கூடப் பயணம் செய்கிறவர்களின் கூட்டத்தில் இருப்பார் என்று நினைத்து மரியாளும் யோசேப்பும் ஒருநாள் பயணம் வந்துவிடுகிறார்கள், மூன்று நாளுக்குப் பிறகுதான் தேவாலயத்தில் காண்கிறார்கள். அன்புக்குக் குறைவில்லாத பெற்றோர்தான். கூட்டத்தில் யாரோ ஒருவரோடு இருப்பார் என்ற நினைப்பே இன்றும் பிள்ளைகள் தவறிப்போகக் காரணம்.

தலையை எண்ணினால் மட்டும் போதாது. ஒரே நிற டி-சட்டை போட்ட நூறு பேர் நிற்கும் இடத்தில், பக்கத்துச் சபைப் பிள்ளை உங்கள் வண்டியில் நண்பனோடு ஏறி உட்கார்ந்திருப்பான், உங்கள் பிள்ளை கழிவறையில் இருப்பான், எண்ணிக்கை சரியாக இருக்கும். பெயரைச் சொல்லி, முகத்தைப் பார்த்து எண்ணுங்கள். நண்பனுக்காக இன்னொருவன் ‘இருக்கான்’ என்று சொல்வதை ஏற்காதீர்கள். ஒவ்வொரு குழுத் தலைவரும் தன் ஏழு பேரை எண்ணி வாய்விட்டுச் சொன்ன பிறகுதான் பொறுப்பாளர் வண்டியை எடுக்கச் சொல்ல வேண்டும். வண்டி நகர்ந்துகொண்டே எண்ணுவது எண்ணாததற்குச் சமம்.

ஆயிரக்கணக்கானோர் கூடும் இடத்தில் போன் இணைப்பு அறுந்து போகலாம். ஆகவே ஒவ்வொரு பிள்ளையின் பையிலும் ஒரு அட்டை: இரண்டு தலைவர்களின் எண், தங்கும் இடத்தின் முகவரி, வழிதவறினால் நிற்க வேண்டிய இடம். இடத்தை அடைந்த முதல் அரை மணி நேரத்தில் எல்லாரையும் நடத்திக் கூட்டிப் போய் அந்த இடத்தைக் காட்டிவிடுங்கள். எங்கு போனாலும் மூன்று பேராகப் போக வேண்டும் என்பது விதி. இரண்டு பேர் போய் ஒருவருக்கு அடிபட்டால், உதவி தேடி மற்றவர் ஓடும்போது அடிபட்டவர் தனியாகிவிடுவார்.

அறைகள்

ஆண்களும் பெண்களும் தனித்தனித் தளத்தில் இருப்பது எளிது, முடியாவிட்டால் நடைபாதையின் இரு கோடிகளில். ஒரே அறையில் இருப்பவர்களுக்குள் வயது இடைவெளி இரண்டு வருஷத்துக்கு மேல் போக வேண்டாம். மூன்று பேர் அறையில் இருவர் சேர்ந்து மூன்றாமவர் தனித்துவிடுவது வழக்கம், நான்கு பேர் அறை நல்லது. ‘நீ யாரோடு இருக்க விரும்புகிறாய், இரண்டு பேரின் பெயரை எழுது’ என்று முன்பே வாங்கி, அதில் ஒருவரையாவது நிச்சயம் கொடுங்கள். நண்பர் கூட்டத்தை அப்படியே ஒரே அறையில் போட்டால் புதிதாக வந்த பிள்ளைக்கு இடமே இருக்காது.

தலைவர்கள் பக்கத்து அறையில் தங்கட்டும், பிள்ளைகளின் அறையில் வேண்டாம். எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய கதவுக்குப் பின்னால் தனியே இருக்கக் கூடாது, ஜெபிப்பதற்கானாலும் கூடாது. இரவில் அறைகளைப் பார்க்கப் போவது இரண்டு பேராக, கதவைத் தட்டிய பிறகு. இந்த விதியைக் கேட்டு மனம் நோகும் தலைவர் இருந்தால், அது பிள்ளைகளுக்கும் அவருக்கும் சேர்த்தே பாதுகாப்பு என்று விளக்குங்கள். அதன் பிறகும் ஏற்காதவரை அழைத்துப் போக வேண்டாம்.

தூக்கம்

13 முதல் 18 வயதுப் பிள்ளைகளுக்கு ஒரு நாளில் 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் வேண்டும் என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2016-இல் கொடுத்த பரிந்துரை. மாநாட்டு நிரலைக் கையில் வைத்துப் பின்னோக்கிக் கணக்கிடுங்கள். காலை எட்டுக்குக் கூட்டம் என்றால் ஆறே முக்காலுக்கு எழ வேண்டும். இரவு பத்துக்குக் கூட்டம் முடிந்தால், சிறுகுழுவுக்கு இருபது நிமிடம், குளியலுக்கும் பேச்சுக்கும் நாற்பது நிமிடம், பதினொன்றுக்கு விளக்கு அணைய வேண்டும். அப்போதும் எட்டு மணி நேரம் வரவில்லை, ஏழே முக்கால்தான்.

முதல் இரவு நள்ளிரவு ஜெபம் என்று ஒன்றைச் சேர்த்தால் மூன்றாம் நாள் அதன் விலை தெரியும். சின்னப் பேச்சுக்குச் சண்டை, காரணமில்லாத அழுகை, செய்தி நேரத்தில் தூக்கம். தூங்காத உடலின் அழுகையைத் தேவனுடைய தொடுதல் என்று பிள்ளையும் நம்பி, நீங்களும் நம்பிவிட்டால், வீட்டுக்குப் போய்த் தூங்கி எழுந்ததும் எல்லாம் போய்விட்டதே என்று அந்தப் பிள்ளை தவிக்கும். பிள்ளைகளின் ஆவிக்குரிய நன்மைக்காகவே தூங்க வையுங்கள். போன்களை இரவு சிறுகுழு முடிந்ததும் பெயரிட்ட பையில் வாங்கி, காலைச் சாப்பாட்டில் திருப்பிக் கொடுங்கள். பகலில் வாங்க வேண்டாம்.

அரங்கில்

ஒலிபெருக்கிகளுக்கு நேரே உட்காராதீர்கள். இசை நிகழ்ச்சி இடங்களில் சராசரி ஒலி 100 டெசிபலைத் தாண்டக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2022-இல் வெளியிட்ட தரநிலை சொல்கிறது. அந்த அளவிலேயே கால் மணி நேரம் கடந்தால் காதுக்கு ஆபத்து தொடங்குகிறது. நுரைக் காதடைப்பான் ஒரு பெட்டி வாங்கி எல்லாருக்கும் கொடுங்கள். விரலில் உருட்டி மெல்லியதாக்கி, மறு கையால் காதை மேலும் பின்னும் இழுத்து, உள்ளே வைத்து, அது விரியும்வரை அரை நிமிடம் பிடிக்க வேண்டும். உருட்டாமல் திணித்தால் பாதிப் பயன்கூட இருக்காது.

வலிப்பு நோய் உள்ள எல்லாருக்கும் மின்னும் ஒளியால் வலிப்பு வருவதில்லை, நூற்றுக்கு மூன்று பேர் அளவில்தான். ஆனால் அந்த மூவரில் ஒருவர் உங்கள் குழுவில் இருக்கலாம். திடீரென்று ஒளி மின்னத் தொடங்கினால் கண்ணை மூடுவது போதாது. ஒரு கண்ணை உள்ளங்கையால் முழுதும் மறைத்து, வேறுபக்கம் திரும்பச் சொல்லுங்கள்.

ஆராதனையில் மயங்கி விழுகிறவர்கள் எல்லா மாநாட்டிலும் உண்டு. காலை உணவைத் தவிர்த்து, தண்ணீர் குடிக்காமல், முழங்காலை இறுக்கிக்கொண்டு நீண்ட நேரம் நின்றால் இரத்தம் காலில் தேங்கி மூளைக்குக் குறைகிறது. படுக்க வையுங்கள், காலை உயர்த்துங்கள், கூட்டத்தை விலக்குங்கள். ஒரு நிமிடத்துக்குள் நினைவு திரும்பாவிட்டால் அவசர உதவி. சுற்றி நின்று சத்தமாக ஜெபிப்பதும், இது பிசாசின் தாக்குதல் என்றோ ஆவியானவரின் வல்லமை என்றோ அங்கேயே தீர்ப்புச் சொல்வதும் வேண்டாம். முதலில் தண்ணீர், பிறகு சாப்பாடு. பயணத்தின்போது பிள்ளைகள் உபவாசம் இருக்க வேண்டாம் என்று முன்பே சொல்லிவிடுங்கள்.

அழைப்பு வரும்போது

பிள்ளையின் முதுகைத் தொட்டு ‘நீயும் போ’ என்று தள்ளாதீர்கள். தலைவர் அழுதுகொண்டே பார்க்கும்போது உட்கார்ந்திருக்கப் பல பிள்ளைகளுக்குத் தைரியம் வராது, உங்களைப் பிரியப்படுத்தவே எழுந்து போவார்கள். போகிற பிள்ளையின் பின்னால் போய் நில்லுங்கள். மாநாட்டு ஆலோசகர் அவரோடு பேசினால் வெளிச்சமான, திறந்த இடத்தில், உங்கள் கண்ணுக்குத் தெரியும்படி பேசட்டும். அன்றிரவு நோட்டில் பெயரையும், பிள்ளை தன் வாயால் சொன்ன காரணத்தையும் எழுதுங்கள். உட்கார்ந்தே இருந்தவர்களின் பெயரையும் எழுதுங்கள், அவர்களிடமும் பேச வேண்டும். ‘எங்கள் சபையில் ஒன்பது பேர்’ என்று எண்ணிக்கையை எங்கும் அறிவிக்காதீர்கள்.

இரவுச் சிறுகுழுவில் செய்தியை மறுபடி பிரசங்கிக்க வேண்டாம். மூன்று கேள்வி போதும். இன்று கேட்டதில் எந்த வார்த்தை இன்னும் உனக்குள் நிற்கிறது? எது புரியவில்லை, அல்லது உனக்கு ஒத்துக்கொள்ள முடியவில்லை? அது உண்மையானால் உன் வீட்டில், பள்ளியில் எது மாற வேண்டும்? இரண்டாவது கேள்வியைத்தான் தலைவர்கள் பயந்து விட்டுவிடுகிறார்கள், பிள்ளைகள் மனம் திறப்பது அந்தக் கேள்விக்குத்தான். கேட்டபின் பத்து வினாடி மவுனத்தைத் தாங்குங்கள். பேசாத பிள்ளைக்கு ஒரு அட்டை கொடுத்து எழுதி வாங்குங்கள்.

வீட்டிலோ வேறெங்கோ தனக்கு நடக்கும் கொடுமையை முதன்முறையாக ஒரு பிள்ளை சொல்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட இரவில்தான். ‘யாரிடமும் சொல்ல மாட்டேன்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள், அந்த வாக்கை உங்களால் காப்பாற்ற முடியாது. ‘நீ சொன்னது நல்லது, இது உன் தப்பு இல்லை, உன்னைக் காப்பாற்ற வேண்டியவர்களுக்கு மட்டும் சொல்வேன்’ என்று சொல்லுங்கள். குறுக்கு விசாரணை வேண்டாம். அன்றே அந்தப் பிள்ளையின் வார்த்தைகளில் எழுதி, தேதி, நேரம் போட்டு, சபையின் பிள்ளைப் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் சேர்த்து, அந்த நாட்டின் சட்டம் கேட்கும் இடத்தில் புகார் கொடுங்கள். குற்றம் சாட்டப்பட்டவரிடம் நீங்களே போய்க் கேட்டுவிடாதீர்கள், மன்னித்துவிடு என்று அந்த இரவில் பிள்ளையிடமும் சொல்லாதீர்கள். ‘சாகலாம் போல இருக்கு’ என்று ஒருவர் சொன்னால், தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. தனியே விடாமல், உடனே பெற்றோரையும் மருத்துவ உதவியையும் சேருங்கள். வீடே அபாயம் என்று பிள்ளை சொல்லியிருந்தால், பெற்றோரைக் கூப்பிடுமுன் பாதுகாப்புப் பொறுப்பாளரிடம் கேளுங்கள்.

திரும்பி வந்தபின்

மறுநாள் பள்ளி இல்லாதபடி திரும்பும் நாளை வையுங்கள். பிள்ளைகளை ஒப்படைக்கும்போது படிவத்தில் உள்ள பெயரைப் பார்த்துக் கையொப்பம் வாங்குங்கள். வண்டி நின்றதும் கலைந்து ஓடுவதுதான் வழக்கம், கடைசி தலைக் கணக்கு அங்கேதான் விட்டுப்போகிறது. அந்த முதல் வாரத்திலேயே ஒவ்வொரு குழுத் தலைவரும் தன் பிள்ளைகளோடு தனித்தனியே போனில் பேசிவிட வேண்டும்.

1886-ஆம் ஆண்டு கோடையில் அமெரிக்காவின் மவுண்ட் ஹெர்மனில் நற்செய்திப் பிரசங்கியார் டி. எல். மூடி நடத்திய மாணவர் மாநாட்டில் நூறு பேர் அயல்நாட்டு ஊழியத்துக்குத் தங்களை ஒப்புக்கொடுத்தார்கள். மாநாடு முடிந்ததோடு விட்டிருந்தால் அந்த நூறு பேரும் தத்தம் கல்லூரிகளில் கரைந்திருப்பார்கள். அவர்களில் ஒருவரான ராபர்ட் வைல்டர் அடுத்த கல்வியாண்டு முழுக்கக் கல்லூரி கல்லூரியாகப் போய் அந்த அழைப்பை எடுத்துச் சென்றார், 1888-இல் அது மாணவர் தன்னார்வ இயக்கமாக அமைந்தது. உங்கள் ஏழு பேருக்கும் அப்படி ஒருவர் வேண்டும். அவர் குழுத் தலைவரே. எட்டு வாரம், வாரம் ஒரு மணி நேரம், மாற்கு சுவிசேஷத்தில் வாரத்துக்கு இரண்டு அதிகாரம். பதினாறு அதிகாரமும் முடிந்துவிடும். சிறுகுழுவில் கேட்ட அதே மூன்று கேள்விகள் இங்கும் போதும்.

மறு ஞாயிறே பிள்ளைகளை நிறுத்திச் சாட்சி சொல்ல வைக்காதீர்கள். மூன்று வாரம் போகட்டும், விரும்புகிறவர்கள் மட்டும், இரண்டு நிமிடம், முன்பே ஒரு தலைவரோடு எழுதிப் பார்த்துவிட்டு.

கணக்கை ரசீதுகளோடு இரண்டு வாரத்துக்குள் சபைக் குழுவில் ஒப்படையுங்கள். மீதி மருந்துகளைப் பெற்றோரிடம் கொடுத்துக் கையொப்பம் வாங்குங்கள். சின்ன வெட்டுக்காயம் முதல் எல்லா நிகழ்வும் எழுதிய நோட்டையும் பாதுகாப்புப் புகார்த் தாள்களையும் போதகரின் பூட்டிய அலமாரியில் வையுங்கள். நிகழ்வு எதுவும் இல்லாத பிள்ளைகளின் மருத்துவப் படிவங்களைச் சபையின் விதிப்படி கிழித்து அழித்துவிடலாம்.